முகூர்த்தத்துக்கு முன் எழுந்து போனவள்

பூதலூர்,
10 பிப்ரவரி 2025

குந்தவை,

அம்மாதான் எழுதுகிறேன். உறையின் மேலிருந்த கையெழுத்தைப் பார்த்தே உனக்குத் தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் மீதியையும் படித்துவிடு. ஒரு பக்கம்தான்.

இங்கே தாளடி அறுவடை முடிகிற நேரம். அப்பா போனபிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். ஆனாலும் களத்தில் போய் நிற்காமல் இருக்க முடிவதில்லை. போன வியாழக்கிழமை உன் அத்தை மகள் சுவேதா வந்திருந்தாள். அறுவடை மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிக்கொண்டிருந்தவள், "குந்தவைக்கு நாலு மாசமாம்ல அத்தை? ஆடியில டெலிவரியாமே!" என்றாள். "தெரியுமே" என்றேன். சொல்லிவிட்டு, வைக்கோலைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சந்தோஷம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். எடுத்தாலும் உன் குரலைக் கேட்டு அழுதுவிட்டுச் சொல்ல வந்ததைச் சொல்லாமல் வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

பிரசவத்தின்போது வயிற்றின் மேல் யாரையும் அழுத்த விடாதே. ஆயுதம் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று வந்தால், முடிந்தபிறகு கீழே கிழிந்திருக்கிறதா, கிழிந்திருந்தால் எதுவரைக்கும் என்று பெரிய டாக்டரையே பார்க்கச் சொல். நர்ஸ் பார்த்தது போதும் என்று விட்டுவிடாதே. மேலோடு தைத்தார்களா, உள்ளே தைத்தார்களா என்று வாயைத் திறந்து கேள். கூச்சப்படாதே. மாப்பிள்ளையிடமும் சொல்லி வை.

இதை மட்டும் செய். பதில்கூட வேண்டாம்.

அம்மா


சிங்கப்பூர்,
22 பிப்ரவரி 2025

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நானும் வெற்றியும் நன்றாக இருக்கிறோம். இங்கே நல்ல ஆஸ்பத்திரியில்தான் பார்க்கிறோம். நீங்கள் பயப்பட வேண்டிய அவசியமில்லை.

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். எழுதாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு, நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல "மாப்பிள்ளையிடமும் சொல்லி வை" என்று எப்படி உங்களால் எழுத முடிகிறது? அந்த மாப்பிள்ளை என் கழுத்தில் தாலி கட்டப் பத்து நிமிஷம் இருக்கும்போது மணவறையிலிருந்து எழுந்து போனவர் நீங்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உங்கள் பின்னால் போனார். வெற்றியின் அம்மா கையில் செம்போடு மண்டபத்து வாசல்வரைக்கும் ஓடினார்கள். "கடக்கரைச் சம்பந்தம் ஒட்டல, பாத்தியா" என்று நம் பக்கத்து ஆட்கள் பேசியதை மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் போனில் "சாதிதானே காரணம்?" என்று கேட்டேன். நீங்கள் "ஆமான்னு வச்சுக்கயேன்" என்றீர்கள். அந்தக் குரல் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் வேலையில் நான் நிறையப் பெண்களைப் பார்க்கிறேன். "எதுவரைக்கும் கிழிந்திருக்கிறது", "உள்ளே தைத்தார்களா" என்று எந்த அம்மாவும் மகளிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்?

குந்தவை


பூதலூர்,
6 மார்ச் 2025

கண்ணு குந்தவை,

நீ என்னை "நீங்கள்" என்று எழுதியிருந்ததை நாலைந்து தடவை படித்தேன். பரவாயில்லை.

கேட்டுவிட்டாய். சொல்லாமல் விட்டால் இனிமேல் எப்போதும் சொல்லமாட்டேன். இதை எழுதுவதற்கு மூன்று தாள் கிழித்தேன். இது நாலாவது.

நீ பிறந்தபோது இரண்டு நாள் வலி. அந்தச் சின்ன ஆஸ்பத்திரி இப்போது இல்லை. பிள்ளை வெளியே வரவில்லை என்று ஒருத்தி வயிற்றின் மேல் ஏறி அழுத்தினாள். பிறகு ஆயுதம் போட்டு எடுத்தார்கள். நீ நாலு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. எல்லோரும் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். என்னை யாரோ ஒரு பெண் தைத்தாள். "சரியாயிரும், கஞ்சி குடிச்சுட்டுத் தூங்கு" என்றாள்.

சரியாகவில்லை. பதினோராம் நாளிலிருந்து எனக்கு அடக்க முடியாமல் போனது. வெளிக்கு வருகிறது என்று தெரிந்து எழுந்து கொல்லைக்குப் போவதற்குள் புடவையில் ஆகிவிடும். இருமினால், தும்மினால், மூட்டையைத் தூக்கினால் ஒன்றுக்கும் வந்துவிடும். எல்லா நாளும் இல்லை. எந்த நாள் என்று தெரியாது. அதுதான் கொடுமை. பச்சை உடம்பு, போகப் போகச் சரியாகும் என்று நினைத்தேன். ஒரு வருஷம், இரண்டு வருஷம். பிறகு நினைப்பதை நிறுத்திவிட்டேன். இதற்கு வைத்தியம் உண்டு என்று யாரும் சொல்லவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன வார்த்தை இருக்கிறது சொல்.

உன் கல்யாணத்தன்று நடந்ததற்கு வருகிறேன்.

பயணம் என்றால் முதல்நாள் மதியத்திலிருந்தே நான் எதுவும் சாப்பிடமாட்டேன். வயிறு காலியாக இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம். உன் கல்யாணத்துக்கும் அப்படித்தான் வந்தேன். காலையில் சம்பந்தியம்மா இலையைப் போட்டு, தானே இரண்டு இட்லியை வைத்து, "ஒரு வா சாப்புடுங்க சம்பந்தி, நீங்க சாப்புட்டாத்தான் எனக்கு நெஞ்சு ஆறும்" என்று எதிரே உட்கார்ந்துகொண்டார்கள். சுற்றிலும் அவர்கள் சனம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் சாப்பிடவில்லை என்றால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? அவர்கள் வீட்டுச் சோற்றை நான் தள்ளினேன் என்று ஒரு பேச்சு வரக்கூடாது என்றுதான் சாப்பிட்டேன். பசியும் இருந்தது. இட்லி, சாம்பார், மேலே காப்பி.

மணவறையில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது வயிறு புரட்டியது. ஐயர் ஏதோ வாங்கிக் கொடுக்கச் சொன்னார். குனிந்தேன். குனிந்ததும் ஆகிவிட்டது. கொஞ்சம் இல்லை. அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வீடியோக்காரன் லைட்டைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நிற்கிறான். பட்டுப்புடவை. இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருந்தால் மணவறையில் தெரிந்திருக்கும். உன் கல்யாணத்தின் பேரே அதுவாகியிருக்கும்.

எழுந்து நடந்தேன். ஓடினால் இன்னும் ஆகும் என்று மெதுவாக, நிமிர்ந்து நடந்தேன். அதைத்தான் எல்லோரும் திமிர் என்றார்கள்.

மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் குழாய் இருந்தது. அங்கே வேலைக்கு வந்திருந்த அம்மாள் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தன் பையிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்துக் கொடுத்தாள். அவள் பேர்கூட எனக்குத் தெரியாது.

நீ போனில் "சாதிதானே?" என்று கேட்டாய். ஒரு நொடி யோசித்தேன் குந்தவை. உண்மையைச் சொல்வதைவிட அது மேல் என்று தோன்றியது. சாதி பார்க்கிறவள் என்றால் நீ என்னை வெறுப்பாய். இதைச் சொன்னால் நீ என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் உனக்கு ஞாபகம் வரும். வெறுப்பைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இப்போது உனக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. எனக்கு நடந்தது உனக்கு நடந்துவிட்டால் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு என்ன அர்த்தம்? அதனால் சொல்லிவிட்டேன். படித்ததும் எரித்துவிடு.

அம்மா


சிங்கப்பூர்,
17 மார்ச் 2025

அம்மா,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். சாப்பாட்டு டப்பா திறந்தபடியே இருந்தது. படித்து முடித்தபோது அடுத்த நோயாளியை அறைக்குள் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். பக்கவாதம் வந்து தேறிவருகிற அறுபது வயது அம்மா. அவரிடம் நான் கேட்க வேண்டிய கேள்விகள் ஒரு தாளில் இருக்கும். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறீர்கள்? வருகிறது என்று தெரிந்தபிறகு எவ்வளவு நேரம் அடக்க முடிகிறது? துணி நனைகிறதா, இல்லை வெறும் பயம்தானா?" முதல் கேள்வியைக் கேட்டேன். இரண்டாவதைக் கேட்காமல் தாளை நர்ஸிடம் கொடுத்துவிட்டேன்.

ஏனென்றால், என் வேலையே இதுதான் அம்மா. கைகால் விளங்காதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஐந்து வருஷமாக நான் பார்ப்பது சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடியாதவர்களை. அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், பிரசவத்தில் கிழிந்தவர்கள். வாரத்துக்கு இருபது பேர். என்னைப் பெற்ற தாய்க்கு இது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

தெரிந்திருக்க வேண்டும். வெளியூர்க் கோயிலுக்கு என்றால் முதல்நாளே விரதம் இருப்பாய். பூவம்மாளுக்கு எவ்வளவு பக்தி என்று உன்னைப் பற்றி ஊரே பேசும். பள்ளிக்கூட விழாவுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. எங்கே போனாலும் கதவோரம்தான் உட்காருவாய். மாட்டுக்கொட்டகைக் கொடியில் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டிருக்கும் பழைய வேட்டித் துண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு விளையாடப் போயிருக்கிறேன். மற்றவர்களிடம் நான் கண்டுபிடிப்பதெல்லாம் உன்னிடம் அப்படியே இருந்திருக்கிறது.

எனக்கு உன் மேல் கோபமும் இருக்கிறது. அதை மறைக்கமாட்டேன். உன் வெட்கத்தை மூடுவதற்கு நீ எடுத்துப் போர்த்திக்கொண்டது வெற்றி வீட்டாருடைய அவமானத்தை. அவர்களைக் கேவலமாக நினைத்தாய் என்று அந்தக் குடும்பமே நம்பிக்கொண்டிருக்கிறது. "ஆமான்னு வச்சுக்கயேன்" என்பது உனக்கு ஒரு வார்த்தை. வெற்றியின் அம்மாவுக்கு அது என்ன செய்திருக்கும் என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தாயா?

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். மூன்று நாளைக்கு நிரப்பு. என்ன குடித்தாய், எத்தனை மணிக்குப் போனாய், எப்போது கசிந்தது, எவ்வளவு. தஞ்சாவூரில் நஃபீசா என்று ஒருவர் இருக்கிறார். கல்லூரியில் எனக்கு மூன்று வருஷம் சீனியர். இதே வேலைதான் பார்க்கிறார். அவரிடம் பேசிவிட்டேன். இதற்கு வைத்தியம் இருக்கிறது அம்மா. முழுக்கச் சரியாகும் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் நிச்சயம் இப்படியே இருக்காது.

என்னைப் பெற்றதில்தானே இது வந்தது. அதைத்தான் எழுத முடியாமல் வேறு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குந்தவை


பூதலூர்,
11 ஏப்ரல் 2025

கண்ணு,

உன் படிவத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. மகளுக்கு எழுதினேன், டாக்டரம்மா பதில் போட்டிருக்கிறாள் என்று அதை மடித்து அரிசிப் பானையில் செருகிவிட்டேன். இரண்டு நாள் கழித்து எடுத்து நிரப்பினேன். நிரப்பிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை நான் எழுந்து போகிறேன். அதில் பாதி, வந்துவிடுமோ என்ற பயத்தில் போவது.

வயிற்றைப் பட்டினி போட்டுக்கொண்டு தஞ்சாவூர் போனேன். நஃபீசா கேட்ட முதல் கேள்வியே, "அம்மா, காலைல என்ன சாப்பிட்டீங்க?" "ஒண்ணுமில்லம்மா." அவள் சிரிக்கவில்லை. "எத்தனை வருஷமா இப்படிப் பட்டினியாவே பஸ் ஏறுறீங்க?" என்றாள். அங்கேயே எனக்கு உடைந்துவிட்டது.

ஒரு அட்டையைக் காட்டினாள். மலம் எப்படியெல்லாம் இருக்கும் என்று ஏழு படம் போட்டிருந்தது. "உங்களுக்கு எது மாதிரி?" என்று கத்தரிக்காய் விலை கேட்பதுபோல் கேட்கிறாள். எனக்குக் காது எரிந்தது. பிறகு திரையை இழுத்துவிட்டு, என்ன செய்யப் போகிறாள் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லி, வேண்டாம் என்றால் எந்த இடத்திலும் நிறுத்திவிடுவேன் என்று சொல்லி, உறை போட்ட விரலால் பார்த்தாள். "காத்து வெளிய போகாம அடக்குற மாதிரி இறுக்குங்க... இறுக்குங்க... விட்டுராதீங்க." இறுக்கினேன். இரண்டு விநாடி நின்றது. மூன்றாவதில் விட்டுப்போனது.

ஸ்கேனும் எடுக்கச் சொன்னாள். அதைப் பார்த்துவிட்டு ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினாள். "இதுதான் அடக்குற தசை. வளையம் மாதிரி சுத்தி இருக்கணும். உங்களுக்கு முன்பக்கம் விட்டுப்போயிருக்கு. பிரசவத்துல கிழிஞ்சிருக்கு, அதை யாரும் பார்க்கல. மேல்தோலை மட்டும் தைச்சுட்டாங்க. அன்னிக்கே உள்ள தைச்சிருந்தா இவ்வளவு ஆகியிருக்காதும்மா."

அன்னிக்கே. குந்தவை, அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக இதை என் உடம்பின் குறை என்று நினைத்திருந்தேன். பெண்ணாகப் பிறந்தால் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். அரை மணி நேரம் ஒருத்தி குனிந்து ஒழுங்காகப் பார்த்திருந்தால் போதுமாம். இப்போது சொல்லிக்கொடுத்திருக்கும் வைத்தியத்தைக் கேட்டால் சிரிப்பாய். உனக்குத் தெரியும்தானே. நாற்காலியில் உட்கார்ந்தபடி இறுக்கி, எண்ணி, விட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. மலம் கட்டியாக வர ராத்திரி இசப்கோல். காப்பியைக் குறை. அவசரமாக வந்தால் எழுந்து ஓடாதே, உட்கார்ந்து இறுக்கு, அலை மாதிரி வந்து போகும், போனபிறகு நட. வாரம் ஒரு நாள் அவளிடம் போனால் மெஷினில் மாட்டி, நான் இறுக்கும்போது டிவியில் ஒரு கோடு மேலே ஏறுகிறது. அறுவை சிகிச்சை இத்தனை வருஷம் கழித்துச் செய்தால் எவ்வளவு தேறும் என்று சொல்ல முடியாது, முதலில் இதைச் செய்து பாருங்கள் என்று பெரிய டாக்டரும் சொல்லிவிட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்து எண்ணுவது! இதை யாராவது ஒருத்தர் எனக்கு இருபத்து மூன்று வயதில் சொல்லியிருக்கக் கூடாதா?

இன்னொன்று. கிளம்பும்போது நஃபீசா, "வீட்ல யாருக்காவது இது தெரியுமா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "அவருக்குத் தெரியும்" என்று வந்துவிட்டது.

உன் அப்பாவுக்குத் தெரியும் குந்தவை. உனக்கு ஒரு வயது ஆகும்போது சொன்னேன். "இதையெல்லாம் வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதே" என்றார். அன்றிலிருந்து கட்டிலை ஹாலில் போட்டுக்கொண்டார். உன் கல்யாணத்தன்று காரில் ஏறும்போது நான் வேறு சேலையில் இருந்தேன். கையில் ஈரப் பட்டுப்புடவைப் பை. பார்த்தார். கண்ணாடியை இறக்கிவிடச் சொன்னார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, "என் பொண்டாட்டி ரோசக்காரிடா, எந்திரிச்சு வந்துட்டா" என்று சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பங்காளி வீட்டுப் பெண்களெல்லாம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு பெருமையாகப் பேசினார்கள். அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

போனவரைப் பற்றி எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

அம்மா


சிங்கப்பூர்,
23 ஏப்ரல் 2025

அம்மா,

கடிதத்தைப் படித்துக்கொண்டே அடுப்பில் வைத்த பாலைப் பொங்க விட்டுவிட்டேன். வெற்றி வந்து "என்ன ஆச்சு?" என்றான். "அப்பா ஞாபகம்" என்றேன். பொய்யில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கு அடுத்த பொங்கலுக்கு அப்பா எனக்குப் போன் செய்தார். "எனக்கொண்ணும் இல்லம்மா, காலம் மாறிப்போச்சு. உங்கம்மாதான் பிடிவாதமா இருக்கா, நான் என்ன பண்றது?" என்றார். நான் அதை நம்பினேன். அவர் இறந்தபோது வந்தேனே, இரண்டு நாள், உன்னிடம் பேசாமல். அப்பாவை மன்னித்துவிட்டு அழுதேன். உன்னை மன்னிக்காமல் விமானம் ஏறினேன். தலைகீழாகச் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்து "தெரிஞ்சே ஏன்ப்பா?" என்று கேட்க இனி வழியில்லை. கேட்டிருந்தாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பார்.

உன் கடிதம் வந்த அன்று காலையில் பஸ்ஸுக்காக நிற்கும்போது எனக்குத் தும்மல் வந்தது. நனைந்துவிட்டது. ஆறு மாசத்தில் இது வழக்கம்தான், வாரத்துக்கு நாலு கர்ப்பிணிகளிடம் நானே சொல்கிறேன், "வெட்கப்படாதீங்க, வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க" என்று. நான் வீட்டுக்குத் திரும்பிப் போய், உடை மாற்றிக்கொண்டு, வெற்றியிடம் போனை மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். இவ்வளவு படித்தும் அப்படித்தான் செய்தேன். அன்று சாயங்காலம் உன் கடிதத்தைப் படித்தபிறகு காலையில் நடந்ததை அவனிடம் சொன்னேன். "இதுக்கா போனைத் தேடுற மாதிரி நடிச்சே?" என்று கேட்டான். உன் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்தில் போய்விட்டது.

மீதிப் பாதி இருக்கிறது. அது வெற்றி வீட்டு அத்தையைப் பற்றியது. வெற்றிக்கோ அவன் அம்மாவுக்கோ நீ எழுதியதில் ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது உன் உடம்பு. ஆனால் பிரசவத்துக்கு அத்தைதான் இங்கே வருவதாக ஏற்பாடு. மூன்று மாதம் அவர்களோடு ஒரே வீட்டில் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு நான் எப்படி இருப்பது? என்ன செய்யலாம் என்று நீயே சொல்.

பயிற்சியை விட்டுவிடாதே. எண்ணும்போது மூச்சைப் பிடிக்காதே. எல்லோரும் செய்கிற தப்பு அதுதான்.

உன் குந்தவை


பூதலூர்,
14 ஜூன் 2025

கண்ணு குந்தவைக்கு,

ஏழு வாரமாக எழுதவில்லை என்று நீ கோபமாக இருப்பாய். செய்து முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். மேட்டூர் திறந்துவிட்டார்கள். கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. குறுவைக்கு நாற்றங்கால் விட்டவர்கள் மோட்டாரை நம்பி நிற்கிறார்கள்.

முதலில் உடம்பு. இப்போது எட்டு விநாடி நிற்கிறது. போன மாசம் ஒன்பது தடவை கசிந்தது, இந்த மாசம் இதுவரைக்கும் இரண்டு. தும்மினால் மட்டும் இன்னும் கொஞ்சம் நனைகிறது. முழுக்கச் சரியாகாது, ஆனால் இன்னும் தேறும் என்று நஃபீசா சொல்கிறாள். மூச்சைப் பிடிக்கிறேன் என்று அவளும் திட்டுகிறாள்.

நேற்று நாகப்பட்டினம் போனேன். காலையில் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, ரயிலில், தனியாக.

சம்பந்தியம்மா வாசலில் கருவாடு பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தார்கள். வாங்க என்று சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். நான் உட்காராமலே சொன்னேன். பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மணவறையில் குனிந்ததையும் சொன்னேன், பின்பக்கம் குழாயடியையும் சொன்னேன். "சாதின்னு என் மக கேட்டப்ப ஆமான்னேன் சம்பந்தி. அது பொய். உங்க தலையில போட்டுட்டு நான் தப்பிச்சுக்கிட்டேன்" என்றேன்.

அவர்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு சொன்னார்கள்: "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நான்தானே எதுக்க உக்காந்து சாப்புட வச்சேன். எங்க கையால தின்னதுல அருவருத்துப்போயி எங்கயோ வாந்தி எடுக்கப் போறாங்கன்னு நெனச்சேன். வாசல் வரைக்கும் தண்ணிச் செம்போட ஓடியாந்தேன். அன்னையிலேருந்து எந்த விசேஷத்துலயும் நான் பந்தி பக்கம் நிக்கிறதில்ல சம்பந்தி. தங்கச்சி மக கல்யாணத்துல கூட நான் பரிமாறல. என் கை ஆகாதுன்னு பாத்திரம் கழுவுற பக்கம் போயிட்டேன்."

குந்தவை, நஃபீசா வட்டம் போட்டுக் காட்டியபோதுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை. என் கஷ்டம் என்னோடு போகிறது என்று நினைத்திருந்தேன். அது ஒரு மனுஷியின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நீ மார்ச் மாசமே கேட்டாய், ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தாயா என்று. இல்லை, நினைக்கவில்லை. அதை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"இதைச் சொல்ல ஏழு வருசமா?" என்றார்கள். "ஆமா" என்றேன்.

"பூதலூர்லேருந்து இங்க வர வழியில எத்தன தடவ கஷ்டப்பட்டீங்க?"

"ஒரு தடவையும் இல்ல."

"அப்ப நீங்க போங்க சிங்கப்பூருக்கு" என்றார்கள். எனக்குப் புரியவில்லை. "எனக்குக் கோவம் போகல. போவும்னும் சொல்லமாட்டேன். ஆனா புள்ள பெறப்போறவளுக்கு இந்தச் சங்கதி தெரிஞ்சவ பக்கத்துல நிக்கணும். எனக்கு மீனைத் தவிர என்ன தெரியும்? நான் புரட்டாசியில போய்ப் பேரப்புள்ளையப் பாத்துக்குறேன். வெற்றிகிட்ட நானே சொல்றேன், என்ன காரணம்னு கேட்டா உங்ககிட்டயே கேட்டுக்கச் சொல்றேன்." சொல்லிவிட்டு மறுபடி கருவாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். நானும் எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பிரித்துப் போட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாஸ்போர்ட் போன வாரமே வந்துவிட்டது. நஃபீசாதான் எழுதிப் போட வைத்தாள். ஜூலை முதல் வாரத்தில் திருச்சியிலிருந்து டிக்கெட் போட்டுவிடு. நாலு மணி நேரம்தானாமே. நடைவழி ஓரத்து சீட்டாகப் போடச் சொல், எழுந்து போக வசதியாக. மாப்பிள்ளையிடம் நீ சொல்ல வேண்டாம். வந்து நானே சொல்கிறேன்.

திரும்பி வரும்போது நடந்ததையும் எழுதிவிடுகிறேன். இனி உன்னிடம் எதையும் விட்டுவைக்கப் போவதில்லை. திருவாரூர் தாண்டியதும் வயிற்றைப் பிசைந்தது. கழிப்பறை வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள். எழுந்து ஓடவில்லை. உட்கார்ந்து இறுக்கினேன், எண்ணினேன். முதல் அலை போனது. இரண்டாவதும் போனது. தஞ்சாவூர் நெருங்கும்போது மூன்றாவதில் கொஞ்சம் கசிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "என்னம்மா, முகமெல்லாம் வேர்க்குது?" என்றாள். "எனக்கு அடக்குறதுல ஒரு பிரச்சினைம்மா, வைத்தியம் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே திகைப்பாக இருந்தது. அவள் காலை மடக்கி எனக்கு வழி விட்டாள்.

பூதலூர் வரைக்கும் போகாமல் தஞ்சாவூரிலேயே இறங்கி, காத்திருக்கும் அறையில் கழுவி, மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குள் என் வண்டி போய்விட்டது. அடுத்தது ஐந்தே காலுக்கு என்றார்கள். அதில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அம்மா